கர்ப்பப்பை இறங்கினால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வயது 29. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். கூட வந்த நாத்தனார் வெளியே போகும்வரை வாய் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும், "கீழ ஏதோ இறங்கி நிக்குற மாதிரி இருக்குதுங்க மேடம். காலையில தெரியாது. தக்காளிப் பெட்டி தூக்கிட்டு சாயங்காலம் வந்தா கைக்குத் தட்டுப்படுது" என்றார். வேறோர் இடத்தில் காட்டியபோது, "அதான் மூணு பிள்ளை இருக்கே, எடுத்துடலாம்" என்று ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்களாம்.

தர்மபுரியில் மகளிர் மருத்துவம் பார்க்கும் எனக்கு, 35 வயதுகூட ஆகாத பெண்கள் இப்படி வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

நம் இடுப்பெலும்புக்கு அடியில் தசைகள் ஒரு தூளி போலக் கட்டியிருக்கின்றன. கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அந்தத் தூளிதான். அது தளர்ந்தால் மேலே இருப்பது இறங்கும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுத் தளர்ந்த தூளியை அப்படியே விட்டால், சில வருடத்தில் பிறப்புறுப்பின் மேல்முனையே இறங்கி வரலாம். ஆபரேஷன் செய்த பிறகும் "மறுபடி இறங்கிருச்சு" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் தளர்கிறது? சின்ன வயதில் கல்யாணம், இடைவெளி இல்லாத பிரசவங்கள், பிள்ளை பெற்ற கையோடு தண்ணீர்க் குடமும் சிமெண்டுச் சட்டியும் தூக்குவது, தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல். நம் ஊர்க் களியையும் சொல்ல வேண்டும். குண்டானைக் காலால் அணைத்துக்கொண்டு, மூச்சை அடக்கித் துடுப்பை அழுத்திக் கிண்டுகிறோம். மூச்சை அடக்கி முக்கும்போதெல்லாம் பாரம் தூளியின் மேல்தான் விழும். களியை விடச் சொல்லவில்லை. துடுப்பை அழுத்தும்போது மூச்சை வெளியே விடுங்கள். பிள்ளை பெற்று மூன்று மாதம்வரை வீட்டில் வேறு யாராவது கிண்டட்டும். ஆண்களுக்கும் கை இருக்கிறது.

ஆரம்ப நிலை இறக்கத்துக்குப் பயிற்சியே நல்ல பலன் தரும். 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் எழுதிய பயிற்சி இது. நாலு பேர் நடுவில் வாயு பிரிய வந்தால் எப்படி இறுக்கி அடக்குவீர்களோ, அப்படி இறுக்கி 5 முதல் 10 விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பத்து நாளில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இருமும் முன்னும் பாரம் தூக்கும் முன்னும் ஒரு தடவை இறுக்கிக்கொள்வதும் உதவும்.

அடுத்தது பெசரி என்ற வளையம். உள்ளே பொருத்தினால் இறங்கியதைத் தாங்கும்; அவ்வப்போது எடுத்துக் கழுவிச் சோதிக்க வேண்டும். ஆபரேஷன்தான் தேவை என்றாலும் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே மேலே தூக்கிக் கட்ட முடியும். மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேவும் இளம்பெண்களை மனதில் வைத்தே அப்படிப்பட்ட முறைகளைக் கொண்டுவந்தார்கள்.

புற்றுநோய், எந்த மருந்துக்கும் நிற்காத உதிரப்போக்கு போன்றவற்றுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம், அப்போது தயங்கக் கூடாது. ஆனால் "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு" என்பது ஒரு காரணமே அல்ல. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு வளையம் வைத்து, பயிற்சி சொல்லிக் கொடுத்து, பாரம் தூக்குவதை நிறுத்தச் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டம், கூலி போகுமே. தோட்டத்துக்காரரிடம் பேசித் தரம் பிரிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். நாலு மாதம் கழித்து வந்தபோது, "இப்ப தட்டுப்படலைங்க மேடம்" என்றார்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு ஒன்று. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றையும் எடுத்திருந்தால், 30 வயதிலும் மாதவிலக்கு நின்றவரின் உடம்புதான்: உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் போகும், எலும்பு தேயும், இதயத்துக்கும் ஆபத்து கூடும். ஹார்மோன் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். சினைப்பைகள் இருந்தாலும் அவை சில வருடம் முன்னதாகவே ஓயக்கூடும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இது தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும்; ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கும் அந்தத் தாளை அடுத்த முறை வரும்போது கையோடு எடுத்து வாருங்கள்.