முருங்கைக்குப் போட்ட அரிவாளை எலுமிச்சைக்குப் போடாதீர்கள்

சித்திரையிலிருந்து இது நாலாவது மரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுப் புறவாசல். பத்தடி இடைவெளியில் இரண்டு மொட்டை மரங்கள். ஒன்று தலையில் குடுமி வைத்தாற்போல் துளிர்த்து நிற்கிறது. இன்னொன்று இடுப்பளவுக் கட்டையாக, வெயில் பட்ட பக்கம் பட்டை வெடித்து, பிசின் ஒழுக நிற்கிறது. கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணாச்சி, ரெண்டையும் ஒரே நாள்லதான் வெட்டுனோம். முருங்க ஜம்முனு துளுத்துட்டு. எலுமிச்ச மட்டும் ஏன் இப்படி நிக்கி?"

வெட்டினதாலதான் நிக்கி அண்ணாச்சி. வேறென்ன சொல்ல?

எட்டு வயசு எலுமிச்சை அது. வீட்டுக்கு ஊறுகாய் போட்டு, சம்பந்தி வீட்டுக்கும் ஒரு பை கொடுத்தனுப்பும் அளவுக்குக் காய்த்த மரம். முருங்கையைக் கழிக்க வந்த ஆளிடம், "இதையும் கொஞ்சம் பாத்துவிடு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் பார்த்துவிட்டார்.

கடையம் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கன்று விற்பது பாதி வேலை, விற்ற கன்றுக்கு வைத்தியம் சொல்வது மீதி வேலை. நம் பக்கத்து வீடுகளில் இடம் இருந்தால் முதலில் வருவது முருங்கை, அடுத்தது எலுமிச்சை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் வழக்கமாகிவிட்டது. பெயரிலேயே குழப்பம் இருப்பது இன்னொரு வேடிக்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட விதை முருங்கைக்கும் பி.கே.எம்.1 என்றுதான் பெயர், எலுமிச்சைக்கும் பி.கே.எம்.1 என்றுதான் பெயர். "பி.கே.எம். ஒண்ணு குடுங்க" என்று மட்டும் சொல்லி வருகிறவர்களிடம், "குழம்புக்கா, ஊறுகாய்க்கா?" என்று கேட்டுத்தான் கன்றை எடுப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கேட்டுக்கும் காரணம் ஒரு பழமொழி. முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர். பிள்ளை விஷயத்தில் அது தப்பு என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். முருங்கை விஷயத்தில் ரொம்பச் சரி. ஆனால் அதில் எலுமிச்சை எங்கே வந்தது? "வெட்டுனாதானே துளுக்கும், துளுத்தாதானே காய்க்கும்" என்று என்னிடமே பாடம் நடத்துகிறார்கள்.

முருங்கை தன் கஞ்சிப்பானையை மண்ணுக்குள் வைத்திருக்கிற மரம். விதை முருங்கை நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், அடியில் முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு இருக்கும். மேலே எவ்வளவு வெட்டினாலும் கீழே இருப்பு இருக்கிறது. அதை எடுத்துத் தின்று துளிர்விடும், அந்தப் புதுத் துளிரிலேயே பூவும் எடுக்கும். அதனால்தான் விதை முருங்கையைக் காய் ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டச் சொல்கிறோம். வெட்டாமல் விட்டால் அது பாட்டுக்கு மாடிக்கு மேல் போய் காக்காய்க்குத்தான் காய்க்கும்.

எலுமிச்சை அப்படியில்லை. வருஷம் முழுக்க இலையோடு நிற்கிற மரம். இருப்பில் பெரும்பங்கை இலையிலும் சின்னக் கிளையிலும்தான் வைத்திருக்கும். மொட்டையடித்தால் முடி போகவில்லை, சோற்றுப்பானை போகிறது. பூவும் அதன் குடையின் ஓரத்தில், முன்பே முற்றிய சின்னக் கிளைகளிலிருந்து கிளம்பும் துளிரில்தான் வரும். அந்தக் கிளைகளையெல்லாம் கழித்துவிட்டால் மரம் முதலில் நீர்ப்போத்துகளைத்தான் விடும். நேராக, கொழுகொழுவென்று, நீள முள்ளோடு ஆளுயரம் போகும். "நல்லா துளுக்கி அண்ணாச்சி" என்று சந்தோஷமாகப் படம் அனுப்புவார்கள். அதில் காயை எதிர்பார்த்து இரண்டு மூன்று வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, அதுவரை நிழலில் இருந்த பட்டை நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் திடீரென்று முகம் காட்டும். வெந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் பூசணம் ஏறும்.

எலுமிச்சையில் கத்தி வைக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, தரையில் படும் கிளை, நடுவில் கிளம்பும் நீர்ப்போத்து. அவ்வளவுதான். மழை பெய்யும்போது அதையும் செய்யாதீர்கள், சொறிநோய் மழைச் சாரலில்தான் மரம் முழுக்கப் பரவும். ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கண்ட அன்றே கிள்ளிவிடுங்கள். அது உங்கள் எலுமிச்சை இல்லை, அடிக்கன்றாக வைத்த வேறு ஜாதி. மேலே இருப்பதைச் சாகடித்துவிட்டுத் தான் மரமாகிவிடும்.

தண்ணீரிலும் இதே ஒரே பந்தி உபசாரம்தான் நடக்கிறது. வேர் பிடித்த முருங்கைக்குக் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும். தினமும் வாளி வாளியாக ஊற்றினால் இலை செழிக்கும், பூ கொட்டும். தண்ணீர் தேங்குவது அதற்கு ஆகவே ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. தண்ணீர் வடியாத புறவாசல்களில் நான் பார்த்த முருங்கைகள் நாலைந்து நாளில் துவண்டு, தூர் அழுகிச் சாய்ந்தன. கரிசல் மண்ணில் முருங்கை வைப்பவர்கள் மேடு கட்டித்தான் வைக்க வேண்டும்.

எலுமிச்சைக்கு நேர்மாறாக அடிக்கடி ஈரம் வேண்டும். கோடையில் வாரம் ஒரு தண்ணீர் கட்டாயம். ஆனால் அந்த ஈரம் தூரைத் தொடக்கூடாது. மரத்தடியில் வட்டமாகப் பள்ளம் வெட்டி, அதில் தண்ணீர் நிரம்பித் தூர் நனைய நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தூர்ப்பட்டை அழுகிப் பிசின் வடிவது பெரும்பாலும் இதனால்தான். தூரைச் சுற்றி மண்ணை ஒரு சாண் உயரத்துக்கு லேசாகச் சரித்து அணையுங்கள், ஒட்டுக்கன்றில் ஒட்டு மூடிவிடாமல். அதற்கு வெளியே, மரத்தின் நிழல் விழும் ஓரத்தில் பாத்தி போடுங்கள். உறிஞ்சும் வேர் அங்கேதான், மேலாகவே இருக்கிறது. மேலாக இருப்பதால் மண்வெட்டி போட்டு ஆழமாகக் கொத்தவும் கூடாது. களையைக் கையால் பிடுங்கிவிட்டுக் காய்ந்த சருகைப் பரப்பினால் போதும்.

அப்புறம் இந்த ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீர். "வீணாப் போகுதேன்னு எலுமிச்சைக்கு விட்டேன்" என்று ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து மாதம் ஒருவராவது சொல்கிறார்கள். அங்கே பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. அந்த உப்பு வேண்டாம் என்றுதானே மெஷின் வாங்கினீர்கள்? நீங்கள் குடிக்காத உப்பையெல்லாம் சேர்த்து அதற்குக் கொடுக்கிறீர்கள். எலுமிச்சைக்கு உப்பு தாங்காது. இலை நுனி கருகும், ஓரம் சுருளும், கடைசியில் உதிரும். முருங்கை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றாலும் தினமும் அதுவே வேண்டாம். பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்கள்.

எலுமிச்சை இலை நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக, இலையே சிறுத்து வந்தால் அது பெரும்பாலும் நோயில்லை, துத்தநாகப் பற்றாக்குறை. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் சகஜம். லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து, புதுத் துளிர் வரும் மார்ச், ஜூலை, அக்டோபரில் சாயங்காலம் தெளியுங்கள். இதற்கெல்லாம் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள்.

புழு விஷயத்தில் மக்கள் செய்வது தலைகீழ். எலுமிச்சையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் குட்டிப் புழு, வளர்ந்தால் பச்சையாகி, தொட்டால் தலையில் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பயப்பட ஒன்றுமில்லை. கையால் பொறுக்கிவிடலாம். அதற்குப் போய் மருந்துக் கடையில் கேட்ட விஷத்தையெல்லாம் அடித்துவிட்டு மறுநாள் சர்பத் போடுகிறார்கள். தொடக்கூடாதது முருங்கைக் கம்பளிப்பூச்சி. மழைக்காலத்தில் பகலில் தூரில் கம்பளி போர்த்தினாற்போல் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒரு ஆச்சி அதை வெறும் விளக்குமாற்றால் தட்டிவிட்டு, கழுத்தெல்லாம் தடித்து இரண்டு நாள் தூங்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தை மூடி, காற்றுக்கு எதிரே நிற்காமல், நீளக் கம்பில் துடைப்பம் கட்டி சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். தீப்பந்தம் காட்டுவது தோட்டத்துக்கு ஆகும், வீட்டு ஓரத்தில், ஓலைக் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். முருங்கையில் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள். தொடை பருமன் கிளைகூடச் சொல்லாமல் ஒடியும். அதுவும் ஆடிக்காற்றில் கேட்கவே வேண்டாம், காய் ஓய்ந்த மரத்தை ஆனிக்குள் கழித்துவிடுங்கள். தொரட்டியை இரும்புக் குழாயிலோ அலுமினியக் குழாயிலோ கட்டாதீர்கள். மேலே கரண்டுக் கம்பி போனால் எந்தத் தொரட்டியும் வேண்டாம், ஈர மூங்கிலும் மின்சாரம் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு வெட்டுங்கள். நாலு காய்க்காகக் கையை ஒடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பாளையங்கோட்டை அண்ணாச்சிக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அதே நிலைமையில் வேறு யாரும் இருக்கலாம். வெடித்த பட்டையை நல்ல பாகம் தெரியும்வரை கத்தியால் சுரண்டுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், இரண்டையும் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி, இரும்பு கூடாது. அதுதான் போர்டோ பசை. வெட்டுவாயிலும் சுரண்டிய இடத்திலும் பூசுங்கள். மிச்சக் கட்டைக்கு வெறும் சுண்ணாம்பு அடித்து, மேற்குப் பக்கம் ஒரு ஓலைத் தட்டி. தண்ணீர் அளவாக. துளிர் வந்து இலை முற்றும்வரை உரம் கிடையாது.

நேற்று ராத்திரி மறுபடி படம் வந்தது. "அண்ணாச்சி, துளுத்துட்டு!" தூரில் மூன்று துளிர், நல்ல பச்சை. எல்லாம் தரையை ஒட்டி இருக்கின்றன. தூர் மண்ணை ஒதுக்கி, ஒட்டு எங்கே இருக்கிறதென்று தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.