சுருங்கிய பட்டாணியும் சூப்பின் கெட்டியும்

ஊட்டி மார்க்கெட்டில் வாங்கும் பச்சைப் பட்டாணியை உரித்து அப்படியே வாயில் போட்டால் இனிக்கும். நூடுல்ஸ், சூப் பொடி, குளூட்டன் இல்லாத பிஸ்கட் உறைகளில் ‘பட்டாணி மாவுச்சத்து’ என்று இருக்கிறதே, அது இந்த இனிப்புப் பட்டாணியிலிருந்து வருவதில்லை. வருவது சுண்டலுக்கு ஊறவைக்கிறோமே, அந்த உருண்டையான காய்ந்த பட்டாணியின் இனத்திலிருந்து. பெரும்பாலும் மஞ்சள் பட்டாணி.

அதன் எடையில் 40 முதல் 50 சதவீதம் மாவுச்சத்து, 20 முதல் 25 சதவீதம் புரதம். அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) ஏற்றினால் புரதம் கரைந்துவிடும். மாவுச்சத்து கரையாமல் அடியில் தங்கும், அல்வாவுக்குக் கோதுமைப் பால் தெளியவிடும்போது படிகிற மாதிரி. ஆலைகள் அதற்குக் காத்திருக்காமல் சுழற்றிப் பிரிக்கின்றன. இன்று கிராக்கி புரதத்தூளுக்குத்தான். மாவுச்சத்து கூடவே கிடைக்கிற சரக்கு.

சரி, அதில் என்ன விசேஷம்? எந்த மாவுச்சத்திலும் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: அனேகமாக நேராக ஓடும் அமைலோஸ், கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். மரவள்ளியில் அமைலோஸ் சுமார் 17 சதவீதம், உருளைக்கிழங்கில் 20 சொச்சம், உருண்டைப் பட்டாணியில் 35 வரை. தண்ணீரில் சூடாக்கினால் 60, 70 டிகிரி வாக்கில் மாவு மணிகள் நீர் குடித்து உப்புகின்றன, அமைலோஸ் வெளியே கசிகிறது. ஆறியதும் அந்த நேர்ச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக ஒட்டி வலையாகின்றன, தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் பட்டாணி மாவுக் கூழ் கத்தியால் வெட்டுமளவு இறுகும். சீனாவில் அதை வெட்டி மிளகாய்ச் சாறு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கண்ணாடி போன்ற சேமியா கொதிநீரில் குழையாததும், பொரித்த பண்டத்தின் மேல்மாவு மொறுமொறுப்பதும் இதே குணத்தால்தான்.

இனிப்புப் பட்டாணிக்கு வருவோம். போனவில் போன்ற ரகங்களின் விதையைக் காயவைத்தால் தோல் சுருங்கும். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் உருண்டை, சுருக்கம் என்று பிரித்தாரே, அதே சுருக்கம். காரணம் 1990-இல்தான் பிடிபட்டது: மாவுச்சத்துக்குக் கிளை போடும் நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீள டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. கிளை போட ஆளில்லாததால் சர்க்கரை மாவாக மாறாமல் தேங்குகிறது. நாக்குக்கு அது இனிப்பு. சர்க்கரை தண்ணீரை இழுத்து விதையை ஊதவைக்கிறது, காய்ந்ததும் தோல் தொளதொளத்துச் சுருங்குகிறது. உருவாகிற கொஞ்ச மாவுச்சத்திலும் 60 சதவீதத்துக்கு மேல் அமைலோஸ்.

அமைலோஸ் கூடினால் இன்னும் நன்றாக இறுக வேண்டுமே என்று தோன்றும். ஆனால் இந்த மணிகள் அவிழ 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே கதை. எவ்வளவு நேரம் கொதித்தாலும் மணிகள் அசையாது. அங்கே பச்சைப் பட்டாணி அரைத்துவிட்ட குருமா கெட்டியாவது பெரும்பாலும் விழுதால். கடையில் வாங்கும் பட்டாணி மாவுச்சத்துக்கோ 93 டிகிரி தாராளம். பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் சூப்பில் ஊற்றிக் கிண்டினால் போதும்.

அந்த சூப்பை ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். இறுகும் வலை மேலும் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே விடும். உறையவைத்து விற்கும் உணவுகளில் மரவள்ளி மாவையோ, பதப்படுத்தி மாற்றிய மாவுச்சத்தையோ நாடுவது இதற்காகத்தான்.