அனலாக் என்றால் ‘தொடர்முறை’யா?

பழைய சின்தசைசரை (மின்சுற்றுகளால் ஒலியை ஆக்கும் இசைக்கருவியை) வாங்கி வீட்டிலேயே பழுது நீக்குவது பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில் ‘தொடர்முறைச் சின்தசைசர்’ என்ற சொல்லை மறுபடியும் பார்த்தேன். அனலாக் என்பதற்கு இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. அகராதிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாத விஷயம் இது. கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருப்பவருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பதையே இந்தச் சொல் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கிரேக்கத்தில் ‘லோகோஸ்’ என்றால் சொல், கணக்கு, விகிதம். ‘அனா’ என்ற முன்னொட்டோடு சேர்ந்து வந்த ‘அனலோகியா’ கணிதக்காரர்களின் சொல்: இரண்டுக்கு நான்கு எப்படியோ, மூன்றுக்கு ஆறு அப்படி. ஒன்று இன்னொன்றுக்கு ஒத்து நிற்பது என்பதுதான் பொருள். இருபதாம் நூற்றாண்டில் கணக்குப் போடும் பொறிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. ஓர் அளவை எண்ணாக எழுதாமல், இன்னொரு பொருளின் அளவாக நிறுத்திக் காட்டிய பொறிகள் அனலாக் எனப்பட்டன. பொருளியலாளர் பில் பிலிப்ஸ் 1949-இல் லண்டனில் காட்டிய மோனியாக் பொறியில் ஒரு நாட்டின் பணப்புழக்கம் குழாய்களில் ஓடும் தண்ணீராக இருந்தது. வரி கூடினால் அந்தக் குழாயில் நீர் கூடும்.

சின்தசைசரில் தண்ணீரின் இடத்தில் மின்னழுத்தம். சின்தசைசர் முன்னோடி ராபர்ட் மோக்கின் கருவிகளில் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். 220 ஹெர்ட்சில் ஒலிப்பது ஒரு வோல்ட் கூடினால் 440, இன்னொரு வோல்ட் கூடினால் 880. கோர்க் நிறுவனத்தின் எம்எஸ்-20 சின்தசைசர் வேறு வழியில் போகிறது. அங்கே மின்னழுத்தம் இரட்டித்தால்தான் ஒரு ஸ்தாயி: ஒன்று, இரண்டு, நான்கு வோல்ட். வழி எதுவானாலும் மின்னழுத்தம் சுருதிக்கு ஒத்து நிற்கிறது. அனலாக் என்ற சொல்லுக்குள் இருப்பது இந்த ஒத்து நிற்றல் மட்டுமே. தொடர்ச்சி என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

‘தொடர்முறை’ எப்படி வந்தது என்பது தெரிந்ததுதான். அனலாக்குக்கு எதிர் டிஜிட்டல். டிஜிட்டல் விட்டுவிட்டு வருவது; எனவே அனலாக் விடாமல் வருவது. சொல்லின் பொருளைப் பார்க்காமல் எதிர்ச்சொல்லைப் பார்த்துச் சொல் படைத்திருக்கிறார்கள். பகல் என்பதை ‘விளக்கு ஏற்றாத வேளை’ என்று மொழிபெயர்ப்பது போன்றது இது.

அந்தப் பொருளாவது சரியாக இருக்கிறதா? மோக்கின் மினிமோக் சின்தசைசரின் விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் வந்த கருவி. அனலாக் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதன் விசைகளுக்கு அடியில் ஒரு மின்தடை வரிசை இருக்கிறது. ஒரு விசையிலிருந்து அடுத்த விசைக்கு மின்னழுத்தம் சுமார் 83 மில்லிவோல்ட் தாவும், அதாவது ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இடையில் எதுவும் இல்லை. படிப்படியாகத் தாவுகிற இந்த மின்னழுத்தத்தைத் தொடர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

ஏஆர்பி 2600 என்ற சின்தசைசரில் உள்ள சாம்பிள் அண்ட் ஹோல்ட் சுற்று இன்னும் தெளிவான சாட்சி. ஒரு கணத்தில் இருக்கும் மின்னழுத்தத்தைப் பிடித்து, அடுத்த துடிப்பு வரும்வரை அதையே வைத்திருப்பதுதான் அதன் வேலை. வெளிவருவது படிக்கட்டு. அதுவும் அனலாக்தான், ஏனென்றால் பிடித்து வைத்த அளவை அது எண்ணாக மாற்றுவதில்லை.

ரோலண்ட் நிறுவனத்தின் ஜூனோ வரிசைச் சின்தசைசர்களில், ஒலியைச் சற்றுத் தாமதித்துக் கலந்து செறிவாக்கும் கோரஸ் என்ற பகுதியைப் பாருங்கள். அதன் எம்என்3009 சில்லில் 256 படிகள். ஒலியைக் காலத்தில் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சிறு மின்னூட்டமாக்கி, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கைமாற்றிக்கொண்டே போகும். காலம் துண்டாகிறது, அளவு எண்ணாவதில்லை. ‘தொடர்முறை’ என்று படித்துப் பழகியவர் இந்தச் சில்லுக்குக் கடிகாரத் துடிப்பு போவதைக் கண்டதும் இதை டிஜிட்டல் என்று எழுதிவிடுகிறார். எழுதியும் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு அவருடையது அன்று. அவர் நம்பிய சொல்லுடையது.

இதற்கெல்லாம் மேல் ஒரு நடைமுறைத் தொல்லை. மின்சுற்றில் ‘தொடர்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பள்ளியில் எல்லோரும் படித்தது: தொடரிணைப்பு, பக்க இணைப்பு. அப்படியிருக்க ‘தொடர்முறைச் சுற்றில் மின்தடையைத் தொடராக இணைக்கவும்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? பழுது பார்க்கும் குறிப்பில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கவே கூடாது. மின்சாரம் தொடர்பான வேலையில் தெளிவின்மை ஆபத்து என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அனலாக்குக்கு ‘அலைமருவி’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது அசையாமல் நிற்கும் இரண்டு வோல்ட்டில் அலை எங்கே? மோனியாக்கின் குழாய்களில் ஓடியது அலையா? ஒலியைக் கொண்டு செல்லும் கம்பியை மட்டும் பார்த்துச் செய்த சொல் அது. சுருதியையும், ஒலியை வடிகட்டும் ஃபில்டரையும் ஆளும் கம்பிகளை விட்டுவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமல்ல, விற்பவர்களும் இந்தச் சொல்லைக் கெடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாயில் அனலாக் என்றால் பழையது, கதகதப்பானது, விலை கூடியது. யமஹா டிஎக்ஸ்7 வெளிவந்தது 1983-இல். பழைய கருவிதான், ஆனால் ஒலியை எண்களால் ஆக்குவது. கோர்க் 2013-இல் புதிதாக வெளியிட்ட எம்எஸ்-20 மினி அனலாக். வயதுக்கும் முறைக்கும் தொடர்பில்லை. 1978-இன் ப்ராஃபெட்-5 சின்தசைசரில் ஒலி அனலாக், அமைப்புகளை நினைவில் வைக்கும் நுண்செயலி டிஜிட்டல். 1984-இன் ஜூனோ-106-இல் அலையின் நேரத்தைக் கணிப்பது டிஜிட்டல் கடிகாரம்; அலையாக எழுவது மின்தேக்கியில் ஏறும் மின்னழுத்தம். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது ‘எந்தப் பகுதி எந்த முறை?’ என்று. ஏனென்றால் பழுதும் அந்தந்த முறையில்தான் வரும். ஜூனோ-106-இன் ஆறு குரல்களுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு சுரங்களுக்கும்) ஆறு 80017ஏ சில்லுகள். அவற்றின் மேற்பூச்சு காலப்போக்கில் மின்கசிவுக்கு இடம் கொடுப்பதால் குரல் அறுந்துபோகும், கரகரக்கும். அடுத்தடுத்துச் சுரங்களை அழுத்தி ஆறு குரல்களையும் தனித்தனியே கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

சரி, எந்தச் சொல்? ‘ஒப்புமை’ ஏற்கெனவே சில இடங்களில் இருக்கிறது. வேர் சரியான வேர். ‘அது உவமையைச் சொல்லும் சொல் ஆயிற்றே’ என்று மறுக்கிறார்கள். அதுதானே இங்கே வேண்டும்? தொல்காப்பியம் உவமம் பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காக வகுக்கிறது. மின்னழுத்தமும் சுருதியும் உருவில் ஒக்கவில்லை, வினையில் ஒக்கின்றன: இது ஏறினால் அதுவும் ஏறும். கிரேக்கச் சொல்லின் பொருளுக்கு இதைவிட நெருங்கிய இடம் தமிழில் எனக்குத் தெரியவில்லை. எழுத்தில், டிஜிட்டலைக் குறிக்கும் ‘எண்முறை’க்கு இணையாக நிற்க, ‘ஒப்புமை’யைவிட ‘ஒப்புமுறை’ நன்றாக அமைகிறது என்பது என் கருத்து. ஒப்புமுறைச் சுற்று, ஒப்புமுறைச் சின்தசைசர். பேச்சில் அனலாக் என்றே சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. பொருள் தெரிந்து சொன்ன கடன்சொல், பொருள் தெரியாமல் படைத்த தனித்தமிழ்ச் சொல்லைவிட மேலானது.

இதே அவசரத்தால்தான் சின்தசைசர் ‘செயற்கை ஒலிக்கருவி’ ஆயிற்று. சின்தசிஸ் என்றால் சேர்த்து அமைத்தல். செயற்கை இழை, செயற்கை நிறமி என்று வேதியியலில் பழகிய சொல்லைத் தூக்கி இங்கே ஒட்டிவிட்டார்கள். வயலின் மட்டும் இயற்கையில் காய்த்ததா?

‘ஒப்புமுறை’ என்று சொன்னால் பழுது பார்க்கும் வேலையே விளங்கிவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். பழைய கருவி சுருதி விலகுகிறது என்றால், மின்னழுத்தத்துக்கும் சுருதிக்கும் இருந்த ஒப்பு குலைந்திருக்கிறது. விசைப்பலகையில் ஒரு வோல்ட்டாக இருக்கும் ஸ்தாயி, சுருதியை ஆளும் டிரான்சிஸ்டருக்குள் அறை வெப்பத்தில் வெறும் 18 மில்லிவோல்ட். ஒரு டிகிரி வெப்பம் மாறினால் அது ஏறத்தாழ 0.33 விழுக்காடு மாறும். அதே வீதத்தில் மாறும் மின்தடையை அருகில் வைத்து அந்த விலகலை ஈடுகட்டுகிறார்கள். ட்ரிம்மர் என்ற சிறு திருகைத் திருப்புவது, குலைந்த ஒப்பை மீண்டும் அமைப்பது. எனவே முதலில் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும். மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்துபோய் 15 வோல்ட் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தால், அதை வைத்துச் செய்யும் எந்த ஒப்பும் நிற்காது. பிறகு கருவி நன்றாகச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்தான் ட்ரிம்மரில் கை வைக்கலாம். ‘அளவுத்திருத்தம்’ என்று இதற்கு எழுதுகிறார்கள். திருத்துவது ஓர் அளவை அன்று, இரண்டு அளவுகளுக்கு இடையிலான உறவை. குறைந்தது சின்தசைசர் குறிப்புகளிலாவது ‘ஒப்பு சரிசெய்தல்’ என்று எழுதுங்கள். எந்தத் திருகை எதற்காகத் திருப்புகிறோம் என்று படிப்பவருக்கு உடனே புரியும்.