டெக்சஸில் துப்பாக்கியோடு பாருக்குப் போகலாமா? விசாக்காரர்களும் பச்சை அட்டைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

"டெக்சஸில் இப்போ லைசன்ஸே வேண்டாமாம்!" இந்த ஒரு வரியை நம்பி மாட்டிக்கொள்ளும் நம்மவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அது முழுப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லலாம். இதில் "சட்டத்தடை இல்லாத" என்ற பகுதியை மட்டும் வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை. எச்1பி, எல்1, எச்4, எஃப்1 விசாவில் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருக்கும் தமிழர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்தத் தடைக்குள்தான் வருகிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991இல் கில்லீன் ஊரின் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தாய் தந்தையைப் பறிகொடுத்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே போனவர். அவர் இதை ஊர் ஊராகச் சொன்னார். 1995இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்தபோது, மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமச் சட்டம் வந்தது. கூட்டமான இடத்தில்தான் தற்காப்பு தேவை என்று ஒரு தரப்பு, குடிக்கும் இடத்தில் துப்பாக்கி வந்தால் கைகலப்பு கொலையில் முடியும் என்று இன்னொரு தரப்பு. சண்டை இன்றுவரை ஓயவில்லை. டெக்சஸ் அரசு இதை ஒரு சதவீதக் கணக்கில் போட்டுச் சமாளித்திருக்கிறது.

சிவப்பு 51

ஒரு கடையின் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ, அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவிலிருந்து வந்தால், அந்தக் கடைக்குள் கைத்துப்பாக்கி கூடாது. உரிமம் வைத்திருப்பவருக்கும் கூடாது. மீறினால் மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்: 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். நீங்கள் குடித்தீர்களா என்பது கேள்வியே இல்லை. நண்பர்களை வீட்டில் கொண்டு விடுவதற்காக வெறும் கோக் வாங்கிக் குடித்தவருக்கும் இதே பிரிவுதான்.

சரி, வாசலில் நிற்கும் ஆளுக்குக் கடையின் வரவு செலவு எப்படித் தெரியும்? தெரியாது. கணக்குப் பார்ப்பது டிஏபிசி என்ற மாநில மதுபான ஆணையம். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது ஒரு பலகை மட்டும்: ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எச்சரிக்கை, அதன் மேல் சிவப்பில் பெரிதாக 51%. பளிச்சென்று தெரியும்படி வைக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் இசைக் கச்சேரி நோட்டீஸ், வயது வரம்பு எச்சரிக்கை, பீர் விளம்பரம் என்று ஒட்டித் தள்ளிய கதவில், இரவு பத்து மணி இருட்டில், அதைத் தேடிப் பாருங்கள். கடையின் பெயரையும் நம்ப வேண்டாம். "கிரில்" என்று பெயர் இருக்கும், மெனுவில் பாதிப் பக்கம் சாப்பாடு இருக்கும், வருமானம் மட்டும் பாட்டிலில் இருந்து வரும். போகும் முன் டிஏபிசி தளத்தில் கடையின் பெயரைப் போட்டு உரிம விவரத்தைப் பார்த்துவிடுங்கள். அல்லது கடைக்கே போன் போட்டு "உங்கள் கடை 51 சதவீதக் கடையா?" என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

51க்குக் கீழே இருக்கும் சாதாரண உணவகத்தில் எடுத்துச் செல்லலாம், கடைக்காரர் தடுக்காதவரை. தடுக்கும் பலகைகளுக்குத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களே பெயர்: 30.05 உரிமம் இல்லாதவருக்கு, 30.06 உரிமத்தோடு மறைத்து வைத்திருப்பவருக்கு, 30.07 உரிமத்தோடு வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. பலகையை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் வெளியேறாமல் நின்றால் அது கிளாஸ் ஏ மிஸ்டிமீனராக (ஃபெலனிக்கு அடுத்த படியில் உள்ள குற்றம்) மாறி, ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம் என்று ஏறிவிடும். ஆகவே யாராவது "வெளியே போங்க" என்றால், சட்டம் பேசாமல் அந்த நிமிடமே வெளியே வாருங்கள்.

இங்கே உணவகம் நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் அழகாக இருக்கும், உரிமம் வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. 30.06, 30.07 பலகைகளில் சட்டம் சொல்லும் வாசகம் அப்படியே, இரண்டு மொழியிலும், குறைந்தது ஒரு அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும். இந்த அளவுக் கணக்கை எவன் யோசித்தான் என்று தெரியவில்லை, கதவு முழுவதையும் பலகையே அடைத்துக்கொள்ளும்.

பொழுதுபோக்கு இடங்களில் விளையாட்டுத்தான் அதிகம் பேர் தவறவிடுவது. தொழில்முறை, கல்லூரி, பள்ளிப் போட்டி நடக்கும் வளாகத்துக்குள் கைத்துப்பாக்கி கூடாது. கிராண்ட் பிரெய்ரி மைதானத்தில் டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டம் பார்க்கப் போகும் சிஎஸ்கே ரசிகர்களுக்கும் இது பொருந்தும். டல்லாஸ் மாநிலக் கண்காட்சியிலோ 2023இல் துப்பாக்கிச்சூடு நடந்து, 2024இல் நிர்வாகம் தடை போட்டது. நகராட்சி நிலத்தில் தடை செல்லாது என்று மாநில அட்டர்னி ஜெனரலே வழக்குக்குப் போனார். நீதிமன்றங்கள் தடையை நிறுத்தவில்லை. அரசாங்கமே தனக்குள் ஒத்துப்போகாத விஷயத்தில் நீங்கள் வாசலில் நின்று வாதாடி ஜெயிக்கப் போவதில்லை.

விசாவில் இருந்தால்

இதுவரை சொன்னது மாநிலச் சட்டம். இனி வருவது ஃபெடரல் சட்டம். அதன் முன் டெக்சஸின் தாராளம் எடுபடாது. குடியேற்றம் அல்லாத விசாவில் (எச்1பி, எல்1, எச்4, எஃப்1 எல்லாம் இதில்தான்) நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். 2022 முதல் இதற்கு 15 ஆண்டு வரை சிறை. பாருக்குள் கொண்டு போனால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம், வீட்டுப் பீரோவில் இருந்தாலே குற்றம். பச்சை அட்டைக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது, ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கையில் இருக்கிறது, பத்து வருடமாக வரி கட்டுகிறேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) கையில் வரும்வரை நீங்கள் விசாக்காரர்தான்.

இதில் அநியாயம் என்னவென்றால் யாரும் தடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று சுடுதளத்துக்குக் கூட்டிப்போவார்கள். கவுன்டரில் டிரைவிங் லைசன்ஸைக் காட்டச் சொல்லி, ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுப்பார்கள். பொறுப்புத்துறப்புப் படிவம் பக்கம் பக்கமாக ஓடும். நடுவில் எங்கோ "ஃபெடரல் சட்டப்படி எனக்குத் தடை இல்லை" என்று ஒரு கட்டம். எல்லோரும் டிக் அடித்துக் கீழே விரலால் கையெழுத்துப் போடுவார்கள். அந்த ஒரு டிக் பின்னாளில் உங்களுக்கு எதிரான எழுத்துச் சாட்சியம். வாடகைத் துப்பாக்கியை அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான். அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுபவர்களுக்கு என்ன சொல்ல!

ஒரு விலக்கு உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். டெக்சஸில் அதை எளிதாக வாங்கலாம். ஆனால் மார்ச்சில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31இல் அது முடிந்துவிடும், முடிந்த மறுநாளே விலக்கும் போச்சு. இந்த அட்டையை நம்பி இடுப்பில் துப்பாக்கியோடு ஊர் சுற்றலாம் என்று யாராவது யூடியூபில் சொன்னால், வழக்கு வந்தால் வக்கீல் செலவை அவர் கொடுப்பாரா என்று கேளுங்கள்.

கணவன் மனைவிக்குள் விசா நிலை வேறாக இருக்கும் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். மனைவிக்குப் பச்சை அட்டை வந்துவிட்டது, கணவருக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவி வாங்கிய துப்பாக்கி பூட்டில்லாத அலமாரியில் இருந்தால், அது கணவரின் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது என்று வழக்குப் போட இடம் உண்டு. தனிப் பெட்டி, அதன் சாவியோ எண்ணோ மனைவியிடம் மட்டும், இதுதான் வழி. கணவர் கேட்டார் என்று அவருக்காக மனைவி வாங்கிக்கொடுத்தால் அது வேறு பெரிய குற்றம், அதற்கும் 15 ஆண்டு வரை உண்டு. கடைக்குப் போகாமல் நண்பரிடமே விலைக்கு வாங்கினால் பின்னணிச் சோதனை இருக்காதுதான். ஆனால் நீங்கள் விசாவில் இருப்பது தெரிந்தே விற்ற நண்பரும் உங்களோடு மாட்டுவார்.

பச்சை அட்டை வந்த பிறகு

வாங்கலாம், எடுத்துச் செல்லலாம். ஆனால் பாருக்குள் மாட்டினால் அமெரிக்கக் குடிமகனுக்குச் சிறையோடு முடிவது உங்களுக்கு அதோடு முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, எத்தனை வருடம் இங்கே இருந்தவர் என்ற கணக்கு அதில் கிடையாது.

உள்ளூர் கிரிமினல் வக்கீல்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "டெஃபர்டு அட்ஜுடிகேஷன் வாங்கித் தருகிறேன், தண்டனையே பதிவாகாது" என்பார்கள். தீர்ப்பைத் தள்ளிவைத்து நன்னடத்தைக் காவலில் விடும் ஏற்பாடு அது. மாநிலச் சட்டப்படி அவர் சொல்வது பெரும்பாலும் சரி. குடியேற்றச் சட்டமோ, நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காவல் ஏற்றால் அதையே தண்டனை என்று எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். குடியேற்ற விளைவைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010இல் பாடியா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கேட்டால் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கைதானால் பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் உண்மையாகச் சொல்லுங்கள். துப்பாக்கி யாருடையது, எப்போது வாங்கியது, எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் வக்கீல் வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். போதையில் வெளியிடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதும் தனிக் குற்றம், அது 51 இல்லாத கடையிலும் உண்டு.

உரிமம் தேவையில்லை என்றாலும் எல்டிசி என்ற உரிமத்தை எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. பள்ளிக்கூடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதற்கு ஃபெடரல் தடை இருக்கிறது. மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு, உரிமம் இல்லாதவர் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விடும் வழியிலேயே குற்றம் நடந்துவிடும். கட்டணம் 140 டாலராக இருந்ததை 2017இல் 40 ஆக்கினார்கள். நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, சுடும் தேர்வு, கைரேகை, அவ்வளவுதான் என்பார்கள்.

அவ்வளவுதான் இல்லை. நம் பெயரே முதல் தடை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்), டிரைவிங் லைசன்ஸில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பச்சை அட்டையில் முன்பின் மாறி என்று நான்கு இடத்தில் நான்கு விதமாக இருக்கும். கைரேகை எடுக்குமிடத்தில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் வேறு மாதிரி தட்டினால் கோப்பு அங்கேயே நிற்கும். உரிமம் தரும் டிபிஎஸ் என்ற மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையைக் கேட்டால் கைரேகைக்காரரைக் கேள் என்பார்கள், அவர் டிபிஎஸ்ஸைக் கேள் என்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் அட்டைகளில் பெயரையும் முகவரியையும் ஒன்றாக்குங்கள், கைரேகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். துப்பாக்கிக் கடையிலும் இதே கதைதான். குடிமகன் அல்லாதவருக்குக் கூடுதலாகக் குடியேற்றப் பதிவையும் பார்ப்பதால், ஒவ்வொரு முறையும் "தாமதம்" என்று வந்தால் எஃப்பிஐயின் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பில் விண்ணப்பித்து, யுபின் என்ற தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

தகுதியில் பலரை வீழ்த்துவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. முதல் முறை என்றாலும் அது கிளாஸ் பி மிஸ்டிமீனர், ஐந்தாண்டு எல்டிசி கிடையாது. வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. டெஃபர்டு முடிவையும் எல்டிசி சட்டம் பொதுவாகத் தண்டனையாகவே எண்ணும். அதை மறைத்து "இல்லை" என்று எழுதுவது இன்னும் மோசம்.

ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளில் டிபிஎஸ் முடிவு சொல்ல வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். "முழுமை" எப்போது என்பதை அவர்களே முடிவு செய்வதால், ஆன்லைன் நிலைப் பக்கத்தை வாராவாரம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் கவுன்டியின் (மாவட்டம் மாதிரி) ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் அது நடக்கும். போனில் பேசி "பார்த்துச் சொல்கிறோம்" என்ற பதிலை நம்பி அந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள் நிறைய. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மறுப்பு வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.