ஒரே மாதிரி வீடு, இரண்டு மாதிரிக் கரண்ட் பில்

எங்கள் ஒழுங்கையில் அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாக ஒரே வளவுக்குள் கட்டிய இரண்டு வீடுகள் இருக்கின்றன. வரைபடம் ஒன்று, மேசனும் ஒருவர்தான். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், ரைஸ் குக்கர் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் அக்கா வீட்டுக் கரண்ட் பில் தங்கையினதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

இப்படி வித்தியாசம் எங்கும் வருவதுதான்; ஏன் என்று அறிய, பொறியியலாளரோடு மனிதரை ஆராயும் சமூக அறிவியலாளரும் வேண்டும். 1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார்கள். அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், எரிசக்திச் செலவில் மட்டும் இரண்டு மடங்கு வித்தியாசம். குடியிருந்தவர்கள் போய்ப் புதியவர்கள் வந்ததும் அதே வீட்டின் செலவும் மாறிவிட்டது. சுவரையும் கூரையையும் அளந்துகொண்டிருந்தவர்களோடு உளவியலாளர்களும் சேர்ந்தார்கள். எவ்வளவு பாவிக்கிறீர்கள் என்று சில வீடுகளுக்கு அடிக்கடி எழுதிக் காட்டினார்கள். அந்த வீடுகளில் பாவனை 10 சதவீதம் அளவில் குறைந்தது.

சரி, அயலவரின் கணக்கையும் சேர்த்துக் காட்டினால்? கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் அப்படி அட்டைகளைக் கதவில் தொங்கவிட்டார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், சராசரிக்கு மேல் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே இருந்தவர்களோ கூட்டிவிட்டார்கள்! ஆனால் அட்டையில் ஒரு சிரித்த முகமும் வரைந்து கொடுத்த வீடுகளில் அந்தக் கூடுதல் வரவில்லை. எந்தப் பொறியியல் சூத்திரத்திலும் இந்தச் சிரித்த முகத்துக்கு இடமில்லை.

ஆனாலும் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, சமூக அறிவியலாளர் குசினி வாசலில் இருந்து ஆறுதலாகக் கதை கேட்பதுதான். தங்கையோடு அவர்களுடைய அம்மா இருக்கிறார். 1990க்குப் பிறகு போர்க்காலத்தில் கரண்ட் இல்லாமல், மண்ணெண்ணெயும் கிடைக்காமல், ஜாம் போத்தலில் நூல்திரி போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இன்றைக்கும் அறையைவிட்டு வெளியே வரும்போது அவருடைய கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அக்காவின் கணவர் கட்டாரில். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியே இருப்பவள், பொழுதுபட்டதும் வீட்டைச் சுற்றி நாலு 60 வாட்ஸ் பல்புகளைப் போட்டுவிடுவாள். விடியும்வரை 11 மணி நேரம் எரிந்தால் மாதம் கிட்டத்தட்ட 80 யூனிட். பாவனை கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறுகிற எங்கள் கட்டண முறையில், பில் இன்னும் வேகமாக ஏறும்.

“வீணாக்காதீர்கள்” என்ற அட்டையை அவள் கதவில் தொங்கவிட்டு என்ன பயன்? அவளுக்கு அது வீண் இல்லை, இரவுக்குக் காவல். ஏன் எரிக்கிறாய் என்று கேட்டவருக்குத்தான் அது விளங்கும். அப்புறம் பொறியியலாளர் வரலாம். அதே வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்இடி தரும். நாலையும் மாற்றினால் 80 யூனிட் 12 ஆகும், முற்றமும் இருளாது.