கிரந்தி: மதகுருவும் இல்லை, பூசாரியும் இல்லை

அமிர்தசரஸிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் நம் நாளிதழ்களில் ‘சீக்கிய மதகுரு’ என்று ஒருவர் வந்துவிடுகிறார். கொஞ்சம் மாற்றி எழுதினால் ‘பொற்கோயில் தலைமைப் பூசாரி’. இரண்டுமே தப்பு. அவர் கிரந்தி.

சொல் பிறந்த கதை சுருக்கமானது. கிரந்தம் என்றால் நூல், வடசொல். கட்டுவது, கோப்பது என்பது வேர்ப்பொருள். கிரந்தத்தைப் பேணி ஓதுகிறவர் கிரந்தி, அவ்வளவுதான். 1604இல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தம் ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், வைக்கப்பட்டபோது முதல் கிரந்தியாக அமர்த்தப்பட்டவர் பாபா புத்தா.

மதகுரு என்பது ஏன் கூடாது? சீக்கியர்களுக்குக் குரு பொதுப்பெயர் இல்லை. நானக் தொடங்கி கோவிந்த் சிங் வரை பத்துப் பேர், 1708இல் பத்தாம் குரு மறைந்த பிறகு அந்த நூலே குரு. அதனால்தான் அது குரு கிரந்த சாகிப். அதன் பின்னால் உட்கார்ந்து சாமரம் வீசுகிறவரையும் குரு என்று எழுதினால் அந்தச் சமயத்தின் அடிப்படையையே மாற்றி எழுதுவதாகும்.

பூசாரி இன்னும் மோசம். அங்கே சிலை இல்லை, அர்ச்சனை இல்லை, பிறப்பால் வரும் உரிமையும் இல்லை. படிக்கத் தெரிந்த சீக்கியர் யாரும், ஆணோ பெண்ணோ, கிரந்தத்தை வாசிக்கலாம். கிரந்தியின் வேலை என்ன? விடியலுக்கு முன் நூலைக் கொண்டுவந்து மஞ்சத்தில் வைத்து, மேலே போர்த்திய ருமாலாவை விலக்கித் திறக்கிறார். திறந்த பக்கத்தில் கிடைக்கும் பாடலை வாசிக்கிறார். அதுதான் அன்றைய ஹுக்கம்நாமா, அதாவது அன்றைக்குக் குருவின் கட்டளை. இரவில் நூலை மூடி அதன் இருப்பிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. பொற்கோயிலில் ஒரு காலத்தில் உண்மையாகவே பூசாரிகள் இருந்தார்கள், அந்தப் பெயரிலேயே. 1920 அக்டோபரில் ஒடுக்கப்பட்ட சாதிச் சீக்கியர்கள் கொண்டுவந்த கடா பிரசாதத்தை (படைக்கும் அல்வாவை) வாங்க மறுத்தவர்கள் அவர்கள்தான். கிரந்தத்தைத் திறந்து பார்த்தபோது வந்த பாடல் அந்த மக்களின் பக்கம் நின்றதால் பிரசாதம் ஏற்கப்பட்டது; அதே வளாகத்தில் இருக்கும் சீக்கியர்களின் உயர் சமய பீடமான அகால் தக்தின் பூசாரிகள் இடத்தை விட்டே போய்விட்டார்கள். அடுத்த மாதமே குருத்வாராக்களை (சீக்கியக் கோயில்களை) நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. இப்படிப் போராடி விலக்கிய பெயரை நாம் ஒரு நூற்றாண்டு கழித்தும் கிரந்திகள் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலச் செய்தி முகமைகள் எல்லாச் சமயத்துக்கும் ஒரே சொல்லைப் போடுகின்றன, நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். எதைப் பற்றிய செய்தி என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஓதுவார்’ என்று சொல்லத் தோன்றும். நம் கோயில்களில் அர்ச்சகரும் ஓதுவாரும் வேறு வேறு ஆட்கள் என்பதால் அது நல்ல சொல்தான். ஆனால் ஓதுவார் தேவாரத்தைப் பண்ணோடு பாடுகிறவர். குருத்வாராவில் அந்த வேலை ராகியுடையது. கிரந்தத்தின் பெரும்பகுதி ராக வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது, அதைப் பாடுகிற ராகிக்கே ஓதுவார் பொருந்தும். கிரந்தியைத் ‘திருநூல் ஓதுநர்’ என்பேன். வெறும் ‘கிரந்தி’ என்று விட்டால் சித்த மருத்துவம் தெரிந்தவர்கள் தோல்நோய் என்று நினைப்பார்கள், அதனால் முதல் இடத்திலாவது இரண்டையும் சேர்த்தே எழுதலாம்.

அப்புறம் கியானி. முன்னாள் குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் என்பதில் முதல் பாதியைப் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது கிரந்தக் கல்வி பெற்றவருக்கான பட்டம். ஞானி என்று மாற்றினால் நமக்குத் துறவி நினைவுக்கு வருவார். நம்மிடம் ‘புலவர்’ இருக்கிறதே, பெயருக்கு முன்னால் போடுவதும் அதே பழக்கம்தான். விளக்க வேண்டிய இடத்தில் ‘சமயப் புலவர்’ என்று போடுங்கள்.