வந்த ஆசிரியர் ஏன் நிற்பதில்லை?

ஆசிரிய ஆலோசகராக வகுப்புக்குள் போனால் நான் முதலில் கேட்பது மாணவரின் கொப்பியைத்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலை. உயர்தர இரண்டாம் வருடப் பிள்ளையின் இணைந்த கணிதக் கொப்பியில் இருபடிச் சார்புகள் மூன்று தடவை தொடங்கியிருந்தது. மூன்று ஆசிரியர்கள் அடுத்தடுத்து வந்து, ஆளுக்கொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்து, மாறிப் போயிருக்கிறார்கள். அதே பாடத்தில் வரும் நிலையியலுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. பரீட்சைக்கோ சில மாதங்கள்தான்.

நியமனம் வராமல் இல்லை. தாழங்குடா கல்வியியற் கல்லூரியிலிருந்தும் வருகிறார்கள், பட்டதாரி நியமனத்திலும் வருகிறார்கள். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த கையோடு இடமாற்றம். சிலருக்கு அதற்கு முன்னரே டவுன் பாடசாலைக்குத் தற்காலிக இணைப்பு. பதிலாள் வந்த பிறகே விடுவிப்பு என்று கடிதத்தில் இருக்கும், அவ்வளவுதான். 2022இல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அரசாங்கமே வழிவிட்டது. அன்றைய விலைவாசியில் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீத இடங்கள் தனியாக உண்டு. அதில் மட்டக்களப்பும் ஒன்று. ஆனால் அது முழு மாவட்டத்துக்கும். வாவிக்கு மேற்கே என்று தனிக் கணக்கு கிடையாது. கணித ஆசிரியர் நிற்காத பாடசாலைப் பிள்ளையும், டவுனில் பாடத்துக்கொரு ரியூசன் போகும் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத்தான் எட்ட வேண்டும்.

சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் தொடர்ந்து படிக்கலாம் என்று 2017இல் வந்த 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில் இழப்பு வேறு மாதிரி. எந்தக் கராஜ் பிள்ளையைப் பயிற்சிக்கு எடுக்கும், பாசிக்குடாவில் எந்த ஹோட்டல் மனேஜர் உண்மையிலேயே வேலை பழக்குவார் என்பதெல்லாம் பொறுப்பாசிரியரின் போனில் இருக்கிறது. அவர் மாறினால் அதுவும் கூடவே போய்விடும்.

கொடுப்பனவைக் கூட்டினால் நிற்பார்கள் என்பார்கள். கூட்டட்டும், நல்லதுதான். ஆனால் போகிறவர்களிடம் கேட்டால் முதலில் பஸ் கதைதான் வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் தினமும் போய்வரலாம். இன்னும் உள்ளே போனால், பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டவர் யாருடைய மோட்டார் சைக்கிளையாவது பார்த்து நிற்க வேண்டும். விடுதி இருந்தாலும் மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லையென்றால் எந்த ரீச்சர் தங்குவார்? பாடத்தைப் பற்றிப் பேச அதே பாடத்துக்கு இன்னொருவர் இல்லாததும் இளையவர்களைச் சலிக்க வைக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இடமாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வருபவருக்கு அது உரிமை. உயர்தரம் படிப்பிப்பவரின் விடுவிப்புத் திகதியை அந்த அணியின் பரீட்சைக்குப் பின்னால் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். வலயக் கல்வி அலுவலகத்தில் இதை வாயால் சொல்லிப் பயனில்லை; பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் எடுத்து எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்புறம், எந்த அலகுவரை முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டே அதிபர் ஆளை விடட்டும். தொழிற்பிரிவு ஆசிரியர் என்றால் அந்தப் போன் நம்பர்களையும் சேர்த்து.